7,999 ரூபாய்க்கு எச்சில் துப்பிய கதை: தைராய்டு, வைட்டமின் டி மரபணு டெஸ்ட் அனுபவம்

கம்பெனி பெயரைச் சொல்லப் போவதில்லை. ஒன்றிரண்டு கம்பெனிகள் கிட்டத்தட்ட இதே பேக்கேஜைத்தான் வெவ்வேறு டப்பாவில் விற்கிறார்கள், அதனால் பெயர் பெரிய விஷயமும் இல்லை. "தைராய்டா? உங்கள் மரபணுவுக்கேற்ற வைட்டமின் டி" என்று விளம்பரம் பார்த்திருந்தீர்கள் என்றால் அது மாதிரி ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எனக்கு 41 வயது. கோவையில் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்கு பார்க்கிறேன். காலை ஒன்பது மணிக்கு உள்ளே போனால் சாயந்திரம் ஆறரைக்குத்தான் வெளியே வருவேன், வெயில் எல்லாம் ஜன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்தான். மூன்று வருஷத்துக்கு முன்னால் முடி கொட்டுகிறது, கை கால் வீங்குகிறது, எந்நேரமும் தூக்கம் என்று போனபோது டி.எஸ்.ஹெச் (தைராய்டு மந்தமானால் ஏறுகிற ஹார்மோன்) 18 வந்தது. ஆன்ட்டி டி.பி.ஓ, அதாவது தைராய்டைக் குறிவைக்கிற ஆன்ட்டிபாடி, பார்த்தார்கள், ரிப்போர்ட்டில் "600-க்கு மேல்" என்று மட்டும் இருந்தது. ஹஷிமோட்டோ என்றார் டாக்டர். "ஏதோ ஜப்பான் பைக் கம்பெனி மாதிரி இருக்குதே" என்றான் என் தம்பி. ஜப்பான் வரைக்கும் சரிதான். ஹகாரு ஹஷிமோட்டோ என்ற இளம் அறுவை மருத்துவர் 1912-ல் நான்கு பெண்களின் தைராய்டு சுரப்பியை மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அது முழுக்க வெள்ளணுக்கள் வந்து குடியேறியிருப்பதை எழுதிவைத்தார். நம் உடம்பின் காவல்காரனே நம் வீட்டுக்குள் புகுந்து சாமானை உடைக்கிற வியாதி. அன்று முதல் காலையில் வெறும் வயிற்றில் 75 மைக்ரோகிராம் தைராய்டு மாத்திரை.

போன வருஷம் வைட்டமின் டி பார்த்ததில் மில்லிலிட்டருக்கு 13 நானோகிராம்தான். அப்போதுதான் இந்த விளம்பரம் என் போனைத் துரத்த ஆரம்பித்தது. "உங்கள் வைட்டமின் டி ஏன் ஏறவில்லை? பதில் உங்கள் ஜீனில்." ஒருத்தருக்கு 4,999, இரண்டு பேருக்கு 7,999. தம்பியையும் சேர்த்துக்கொண்டேன். அவனுக்குத் தைராய்டு கிடையாது, ஒன்றும் கிடையாது, இரண்டு பேர் என்றால் விலை குறைகிறதே என்றுதான். சேல்ஸில் இருக்கிறான், திருப்பூர், பல்லடம், பொள்ளாச்சி என்று நாள் முழுக்க வண்டியில்தான் திரிவான். இந்தச் சிக்கன புத்திதான் கடைசியில் என் கண்ணைத் திறந்தது, அதைப் பிறகு சொல்கிறேன்.

டப்பா நன்றாக இருந்தது, அதைச் சொல்லியாக வேண்டும். மூன்றாம் நாள் வந்தது. உள்ளே ஒரு குழாய், மேலே புனல், ஒரு கோடு. அரைமணி நேரம் எதுவும் சாப்பிடாமல், தண்ணீர்கூடக் குடிக்காமல், அந்தக் கோடு வரைக்கும் எச்சில் நிரப்ப வேண்டும். நுரை கணக்கில் வராது. காலையில் எழுந்து வாசலில் உட்கார்ந்து அக்காவும் தம்பியும் மாறி மாறித் துப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு எதிர் வீட்டு ஆயா, "ஏன் கண்ணு, புளியங்காயக் கொண்டாந்து காட்டட்டுமா, சுரக்குமே" என்றது. நிஜமாகவே உதவிய ஆலோசனை, புளியங்காய் என்று காதில் விழுந்ததுமே வாய் ஊறிவிட்டது. கூரியர் பையன் வீட்டுக்கே வந்து வாங்கிக்கொண்டு போனான். அதோடு ஒரு ஆள் வீட்டுக்கு வந்து ரத்தமும் எடுத்தார், வைட்டமின் டிக்கு. ஒரே குத்தல், வலிக்கவே இல்லை. இந்தச் சேவைக்கு முழு மார்க்.

மூன்று வாரம் என்றார்கள், ஐந்து வாரம் ஆனது. ரிப்போர்ட் 38 பக்கம். அதில் முதல் பதினொரு பக்கம் டி.என்.ஏ என்றால் என்ன என்று கலர் படம். எட்டாம் வகுப்பில் படித்ததுதான். விஷயம் 12-ஆம் பக்கத்தில் ஆரம்பிக்கிறது.

அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன், ஏனென்றால் காசு கொடுத்தது அதற்குத்தான். வைட்டமின் டி உடம்பில் வேலை செய்ய ஒரு பூட்டு வேண்டும். அதுதான் வைட்டமின் டி ஏற்பி, வி.டி.ஆர் என்கிறார்கள், அதற்கான ஜீன் 12-வது குரோமோசோமில் இருக்கிறது. நோய் எதிர்ப்பு செல்களிலும் இந்தப் பூட்டு உண்டு. அதனால்தான் வைட்டமின் டி எலும்போடு நிற்காமல், ஹஷிமோட்டோ மாதிரி காவல்காரனே தாக்குகிற ஆட்டோ இம்யூன் வியாதிகளிலும் பேசப்படுகிறது. இந்த ஜீனில் ஆளுக்கு ஆள் எழுத்து மாறுகிற நான்கு இடங்களை உலகம் முழுக்க வருஷக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருக்கிறார்கள். ஃபாக்-ஒன், பி.எஸ்.எம்-ஒன், அபா-ஒன், டாக்-ஒன். பழைய முறையில் டி.என்.ஏவை நறுக்கிப் பார்க்கப் பயன்படுத்திய நொதிகளின் பெயர்கள் இவை. தம்பி இதைப் படித்துவிட்டு, "அப்பா ஒன்னு, அம்மா ஒன்னு" என்று ஒரு வாரம் கிண்டல் பண்ணிக்கொண்டிருந்தான். ஜீன் விஷயத்தில் அது சரியும்கூட, ஒவ்வொன்றிலும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்றுதானே வருகிறது.

என் ரிப்போர்ட்டில் ஃபாக்-ஒன் பச்சை. மற்ற மூன்றும் சிவப்பு. கீழே பெரிய எழுத்தில் "ரிஸ்க் ஸ்கோர் 4-க்கு 3, அதிகம்". பார்த்ததும் நெஞ்சு திக்கென்றது, பொய் சொல்லவில்லை. அன்றைக்கு ராத்திரி உட்கார்ந்து தேடித் தேடிப் படித்தேன். கணக்குப் பிள்ளை இல்லையா, கூட்டலைச் சரிபார்க்காமல் தூக்கம் வராது.

சரிபார்த்ததில் தெரிந்தது இது. அந்த மூன்று சிவப்பும் ஜீனின் ஒரே கோடியில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கிறவை. பெரும்பாலும் ஒரு கட்டாகவே பெற்றோரிடமிருந்து பிள்ளைக்கு வரும். ஒன்று தெரிந்தால் மற்ற இரண்டையும் ஓரளவு ஊகித்துவிடலாம். அப்படியிருக்க அவற்றைத் தனித்தனியாக எண்ணி மூன்று மார்க் போடுவது, ஒரே பில்லை மூன்று லெட்ஜரில் ஏற்றிச் செலவு மூன்று மடங்கு என்று காட்டுவது மாதிரி. எங்கள் ஆடிட்டரிடம் இப்படிக் கொண்டுபோனால் ஃபைலைத் தூக்கி எறிவார். இன்னொன்று, இந்த மூன்றுமே அந்தப் பூட்டின் வடிவத்தை மாற்றுவதில்லை. பி.எஸ்.எம்மும் அபாவும் புரதமாக மாறாத பகுதியில் இருக்கின்றன. டாக்கில் எழுத்து மாறினாலும் பொருள் மாறாது. நான்கில் புரதத்தையே மாற்றுகிற ஒன்று ஃபாக்-ஒன்தான். அது ஆரம்ப இடத்தை நகர்த்துகிறது, ஒரு வகையில் 427 அமினோ அமிலம், இன்னொரு வகையில் 424, குட்டையானதுதான் கொஞ்சம் சுறுசுறுப்பு. எனக்கு அதில்தான் பச்சை!

சரி, இந்த மாற்றங்களுக்கும் ஹஷிமோட்டோவுக்கும் சம்பந்தமே இல்லையா என்றால் அப்படியும் இல்லை. சில ஆய்வுகளில் சம்பந்தம் தெரிகிறது, சிலவற்றில் தெரியவில்லை. ஆசியர்களில் ஃபாக்-ஒன் என்று பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு தொகுப்பு சொல்லும், ஐரோப்பியர்களில் வேறொன்று என்று இன்னொன்று சொல்லும், தெரிகிற இடத்திலும் அளவு சின்னது. ஆயிரம் பேரைக் கூட்டமாகப் பார்க்கும்போது லேசாகத் தட்டுப்படுகிற ஒன்று, கோவை ராமநாதபுரத்தில் வீட்டு வாசலில் உட்கார்ந்து துப்பிய ஒருத்திக்கு என்ன ஆகும் என்று சொல்லாது. ரிப்போர்ட்டில் இதைப் பற்றி ஒரு வரி உண்டு, 37-ஆம் பக்கத்தில், எறும்பு எழுத்தில்.

அடுத்தது வைட்டமின் டி அளவையே தீர்மானிக்கிற ஜீன்கள். இந்தப் பகுதி பரவாயில்லை. 2010-ல் சுமார் 34,000 பேரை வைத்து நடந்த பெரிய ஆய்வில் உறுதியானவை இவை. டி.ஹெச்.சி.ஆர்-7 என்பது தோலில் வைட்டமினுக்கான மூலப்பொருளைக் கொலஸ்ட்ராலாக மாற்றிக் கொண்டுபோய்விடும், சி.ஒய்.பி-2-ஆர்-1 ஈரலில் முதல் கட்ட வேலையைச் செய்யும், ஜி.சி என்பது ரத்தத்தில் தூக்கிச் சுமக்கிற கூலியாள். படிக்கச் சுவாரசியமாகத்தான் இருந்தது. ஆனால் அந்த 34,000 பேரும் ஐரோப்பிய வம்சாவளியினர். இந்த ஜீன்கள் எல்லாம் சேர்ந்தும் ஆளுக்கு ஆள் இருக்கிற அளவு வித்தியாசத்தில் சின்னப் பங்கைத்தான் விளக்குகின்றன. மீதியை வெயில், தோல் நிறம், உடல் எடை, உடுப்பு, சாப்பாடு எல்லாம் சேர்ந்து முடிவு செய்கின்றன.

இப்போது தம்பி விஷயம். அவனுடைய ரிப்போர்ட்டையும் என்னுடையதையும் ரெண்டு லேப்டாப்பில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். வி.டி.ஆரில் நான்கு இடமும் அப்படியே ஒன்று. உடன்பிறந்தவர்களுக்கு ஒரு குறிப்பிட்ட ஜீன் இரண்டு பக்கமும் ஒன்றாக அமைய நான்கில் ஒரு வாய்ப்பு உண்டு, எங்களுக்கு அமைந்துவிட்டது. ஜி.சியும் அதே. "பிறவியிலேயே வைட்டமின் டி குறைவதற்கான வாய்ப்பு அதிகம்" என்ற வாக்கியம் இரண்டிலும் எழுத்து பிசகாமல் இருந்தது. ரத்த அளவு? எனக்கு 14. அவனுக்கு 33. அவன் ஒரு மாத்திரை தொட்டதில்லை. முழங்கை வரை சட்டையை மடித்துக்கொண்டு நாள் முழுக்க வண்டி ஓட்டுகிறான், அவ்வளவுதான். அவனுக்கு ஆன்ட்டி டி.பி.ஓவும் இல்லை. ஒரே சிவப்பு, ஒரே எச்சரிக்கை, ஒருத்திக்கு வியாதி, ஒருத்தனுக்கு ஒன்றுமில்லை. இரண்டு பேரை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது என்று எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சிவப்பு எதையும் முடிவு செய்யவில்லை என்பது கண்ணெதிரே இருந்தது.

அப்புறம் மாத்திரை. பேக்கேஜோடு "உங்கள் மரபணுவுக்காகவே தயாரிக்கப்பட்டது" என்று ஆளுக்கொரு பாட்டில், மூடியில் அவரவர் பெயர் அச்சடித்து. திருப்பிப் பின்பக்கம் படித்தால் இரண்டிலும் ஒரே சரக்கு: வைட்டமின் டி3 2,000 ஐ.யு, வைட்டமின் கே2, கால்சியம், முடிக்கென்று சாப்பிடுகிற பயோட்டின் என்ற வைட்டமின் 10 மில்லிகிராம். 14-க்கும் அதே டோஸ், 33-க்கும் அதே டோஸ். மரபணுவுக்கேற்றது பெயர் மட்டும்தான் போல.

இந்தப் பாட்டிலால் எனக்கு ஒரு கூத்து நடந்தது, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கவனமாகப் படியுங்கள். "காலை உணவுக்கு முன்" என்று போட்டிருந்தது. நல்லவேளை, நான் வழக்கமாக வாங்குகிற மருந்துக் கடை அண்ணன் பார்த்துவிட்டு, "இதுல கால்சியம் இருக்குதுங்க, தைராய்டு மாத்திரைகூடப் போட்டா அது உள்ள இறங்காது, நாலு மணி நேரம் தள்ளிப் போடுங்க" என்றார். அதனால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட்டேன். ஒன்றரை மாதம் கழித்து ஒரு நாள் மதியம் வழக்கம்போலப் போட்டுவிட்டு, சாயந்திரம் ரத்தம் கொடுத்தேன். டி.எஸ்.ஹெச் 0.09! ஃப்ரீ டி4, அதாவது தைராய்டு ஹார்மோன், எகிறிக் கிடக்கிறது. ரிப்போர்ட்டை நம்பினால் எனக்குத் தைராய்டு அதிகமாகி ஓட வேண்டும், ஆனால் நானோ வழக்கம்போலத் தூங்கி வழிகிறேன். டாக்டரம்மா என்னையும் பார்த்தார், பேப்பரையும் பார்த்தார். "முடிக்குன்னு ஏதாவது சாப்பிடறீங்களா?" பாட்டிலைக் காட்டினேன். பயோட்டின் என்ற வரியில் விரலை வைத்தார். சில லேப் மெஷின்கள் பயோட்டினைப் பசை மாதிரிப் பயன்படுத்தித்தான் ஹார்மோனைப் பிடித்து எண்ணுகின்றன. ரத்தத்திலேயே பயோட்டின் மிதந்தால் பசை எல்லாம் அதனிடம் போய்விடும், டி.எஸ்.ஹெச் பொய்யாகக் குறையும், டி4 பொய்யாக ஏறும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2017-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறது. நான்கு நாள் நிறுத்திவிட்டு மறுபடி எடுத்தேன், 3.4. அவர் கவனிக்காமல் டோஸைக் குறைத்திருந்தால் என் கதி என்ன? தைராய்டு நோயாளிக்கென்றே விற்கிற மாத்திரையில், தைராய்டு டெஸ்ட்டையே கெடுக்கிற ஒன்றைப் போட்டு, ஒரு வார்த்தை எச்சரிக்கை இல்லாமல் அனுப்புகிறார்கள். ஒரு நட்சத்திரம் இதற்காகவே போகிறது.

38 பக்க ரிப்போர்ட்டையும் டாக்டரம்மாவிடம் நீட்டினேன். மரியாதைக்கு நாலு பக்கம் புரட்டினார். "இதை வெச்சு நான் எதையும் மாத்தப் போறதில்லம்மா. உங்க வீட்டுல வேற யாருக்குத் தைராய்டு?" அம்மாவுக்கு உண்டு, பெரியம்மாவுக்குக் கழுத்துக் கழலை ஆபரேஷன் ஆனது, அத்தைக்கு வெண்புள்ளி, அதுவும் ஆட்டோ இம்யூன் வியாதிதான். "அதான் உங்க ஜீன் ரிப்போர்ட்" என்றார். காசு கேட்கவில்லை. டென்மார்க்கில் இரட்டையர்களை வைத்துச் செய்த ஆய்வுகளில், ஆட்டோ இம்யூன் தைராய்டு யாருக்கு வருகிறது என்பதில் முக்கால் பங்கு அளவுக்குப் பரம்பரையின் கை இருப்பதாகத் தெரிந்திருக்கிறது. ஆக ஜீன் பொய் இல்லை. ஆனால் அந்தப் பரம்பரையில் நன்றாக உறுதியான ஜீன்களின் பெயர்கள் ஹெச்.எல்.ஏ, சி.டி.எல்.ஏ-4, தைரோகுளோபுலின், கிரேவ்ஸ் நோய்க்கு (தைராய்டு அதிகமாகச் சுரக்கிற ஆட்டோ இம்யூன் வியாதி) டி.எஸ்.ஹெச் ஏற்பி போன்றவை. இவற்றில் ஒன்றுகூட இந்தப் பேக்கேஜில் இல்லை! ஏன் என்று யோசித்தேன். ஹெச்.எல்.ஏவுக்குப் பாட்டிலில் அடைத்து விற்க மாத்திரை கிடையாது, வைட்டமின் டிக்கு உண்டு. என் ஊகம்தான், தப்பென்றால் கம்பெனி சொல்லட்டும்.

வைட்டமின் டியே வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 14 என்பது குறைவுதான், யாராக இருந்தாலும் சரிசெய்ய வேண்டியதுதான். கொல்கத்தா மருத்துவர்கள் 2016-ல் வெளியிட்ட ஒரு சின்ன ஆய்வில், புதிதாக ஆன்ட்டிபாடி கண்டுபிடிக்கப்பட்ட நூறு பேர் அளவில், ஒரு பாதிக்கு வாரம் 60,000 ஐ.யு வீதம் 8 வாரம் கொடுத்திருக்கிறார்கள். அவர்களுக்கு டி.பி.ஓ ஆன்ட்டிபாடி மற்றவர்களைவிட நன்றாகக் குறைந்தது. நல்ல செய்திதான், ஆனால் ஆன்ட்டிபாடி எண் குறைவது வேறு, தினசரி மாத்திரை நிற்பது வேறு. அமெரிக்காவில் 25,871 பேரை வைத்து ஐந்து வருஷத்துக்கு மேல் நடந்த 'வைட்டல்' ஆய்வு 2022-ல் வந்தது. தினம் 2,000 ஐ.யு சாப்பிட்டவர்களில் புதிதாக ஆட்டோ இம்யூன் வியாதி, எல்லா வகையும் சேர்த்து, 22 சதவீதம் குறைவு. விளம்பரத்தில் இந்த 22-ஐத்தான் கொட்டை எழுத்தில் போடுகிறார்கள். ஆள் கணக்கில் பார்த்தால் ஒரு பக்கம் 123 பேர், இன்னொரு பக்கம் 155 பேர், ஒவ்வொரு பக்கமும் கிட்டத்தட்ட 13,000 பேரில். அதுவும் 50, 55 வயது தாண்டியவர்கள், எண்ணியது புதிதாக வந்த வியாதியை மட்டும்தான். எனக்கு ஏற்கெனவே வந்தாகிவிட்டது. முக்கியமாக, அந்த மாத்திரையை யாருடைய எச்சிலையும் பார்த்துக் கொடுக்கவில்லை.

கம்பெனி "ஆறு மாதத்தில் ஆன்ட்டிபாடி குறையும்" என்று சொன்னதையும் சோதிக்க முடியவில்லை. என் பழைய லேப் மெஷின் 600-க்கு மேல் எண்ணாது. கம்பெனி லேப் வேறு முறை, அங்கே 1,140. இரண்டையும் வைத்து ஏறியதா இறங்கியதா என்று எப்படிச் சொல்வது?

கடைசியில் டாக்டர் எழுதியது சாதா 60,000 ஐ.யு வைட்டமின் டி பொடி, வாரம் ஒன்று, எட்டு வாரம், பாலில் கலந்து. அதற்கப்புறம் டெஸ்ட். எட்டோடு நிறுத்த வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னார், ஏனென்றால் நன்றாக இருக்கிறதே என்று மாதக்கணக்கில் சாப்பிட்டு, சிலர் தினம் ஒன்று என்று தப்பாகப் புரிந்துகொண்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி வாந்தியும் கிட்னி கல்லுமாக வருகிறார்களாம். எட்டு பொடிக்கு நான் கொடுத்தது இருநூற்றிச் சொச்சம். மறுபடி பார்த்ததில் 36. "ஏன் ஏறவில்லை? பதில் உங்கள் ஜீனில்" என்றார்களே, ஒழுங்காகச் சாப்பிட்டதும் ஏறிவிட்டது. வெயிலுக்கும் போகிறேன், ஆனால் எல்லாரும் சொல்கிற காலை இளவெயில் இல்லை, அதில் வேண்டிய புறஊதா ரொம்பக் குறைவு. நம் நிழல் நம்மைவிடக் குட்டையாக இருக்கிற நேரம்தான் கணக்கு. மதியம் டிபன் பாக்ஸைக் கழுவிய கையோடு மில் வேப்பமரம் தாண்டி ஒரு இருபது நிமிஷ நடை. வாட்ச்மேன் அண்ணன் குடை வேணுமா என்று தினமும் கேட்கிறார்.

யாருக்கு இந்தப் பேக்கேஜ் உபயோகம் என்று கேட்டால், ஜீன் பற்றிப் படிக்க ஆசை, காசு இருக்கிறது, பாட்டிலைத் திறக்க மாட்டேன் என்கிறவர்களுக்கு வேண்டுமானால். தைராய்டுக்கு என்றால் டி.எஸ்.ஹெச், ஒரு தடவை டி.பி.ஓ, டாக்டர் சொன்னால் 25 ஹைட்ராக்ஸி வைட்டமின் டி, போதும். இந்த ரத்தப் பரிசோதனை மூன்றும் சேர்த்தே இந்த விலையில் பாதிகூட வராது. மார்க்: டப்பாவுக்கும் ரத்தம் எடுத்தவருக்கும் ஐந்துக்கு ஐந்து, ரிப்போர்ட்டுக்கு ஒன்றரை, மாத்திரைக்குப் பூஜ்ஜியம்.

எச்சில் இன்னும் அவர்களிடம்தான் இருக்கிறது. இதே மாதிரி எச்சிலில் ஜீன் பார்த்த 23அண்ட்மீ என்ற அமெரிக்கக் கம்பெனி போன வழி தெரியும்தானே, 2023-ல் 69 லட்சம் பேர் விவரம் வெளியே போனது, 2025-ல் திவால். அந்தச் செய்தியைப் படித்த அன்றே என் மாதிரியையும் தகவலையும் அழித்துவிடுங்கள் என்று எழுதிப் போட்டேன். "உங்கள் கோரிக்கை பரிசீலனையில் உள்ளது" என்று பதில் வந்து 23 நாள் ஆகிறது. நேற்று அதே எண்ணிலிருந்து வாட்ஸாப்: அம்மாவுக்கும் எடுங்கள், ஆடித் தள்ளுபடி 40 சதவீதம்.